திண்ணையில் திறந்த பள்ளிக்கூடம்



ஜூன் மாதம் பிறந்தால் உங்கள் வீடுகளில் ஒரே அமர்க்களமாக இருக்கும். புத்தகத்துக்கு அட்டை போட வேண்டும், சீருடைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக இதெல்லாம் கிடையாது. பதினோரு வயதாகும் என் மகனுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

நாலாம் வகுப்பில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ணகரமும் னகரமும் குழம்பும், கொம்பு இடம் மாறும். காலையில் பை எடுத்தாலே வயிற்றுவலி என்பான். டாக்டரிடம் காட்டினோம். "இது டிஸ்லெக்சியா. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்து பிடிபடுவதில்தான் சிரமம்" என்றார். வீட்டில் கலந்து பேசி, பள்ளியிலிருந்து நிறுத்தினோம்.

நான் படித்ததே பத்தாவது வரைதான். அந்தப் பயத்தில் போன வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பது மணிக்குப் பூஜை மணியை எடுத்து அடித்தேன். கையில் ஸ்கேல் வேறு! தீபாவளிக்குள் பிள்ளை என்னைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்துவிட்டான். ஒரு நாள், "நீ டீச்சரா இருக்காதம்மா, அம்மாவாவே இரு" என்று அழுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்த நான், பள்ளிக்கூடத்தையும் கூடவே அழைத்து வந்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

இந்த வருஷம் பள்ளி திறந்த அன்று தெருப் பிள்ளைகள் புதுப் பையோடு போனார்கள். இவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அம்மா, "இந்த வருஷமாவது சேர்க்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் மாமியார் பார்த்துவிட்டார். "ஏம்மா அழுவுற? போன வருஷத்திலேர்ந்து புள்ள என்னென்ன கத்துக்கிட்டான்னு மொதல்ல எழுதிப் பாரு" என்றார். மனமில்லாமல்தான் உட்கார்ந்தேன். பஸ் போர்டு படிக்கிறான். கடையில் சில்லறை எண்ணி வாங்குகிறான். தாத்தாவின் மாத்திரைகளை நேரம் பார்த்து எடுத்துத் தருகிறான். எழுத எழுத ஒரு பக்கம் நிறைந்துவிட்டது!

அன்றைக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. பரணிலிருந்த பழைய அளவைகளை அத்தை இறக்கித் தர, திண்ணையில் அரிசியைக் கொட்டி அளந்தோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி.

"அப்போ ஆழாக்குங்கிறது படியில எட்டுல ஒண்ணாம்மா?" என்றான்.

"அதத்தான்டா அரைக்கால்னு சொல்லுவோம். காலுல பாதி" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் பின்னக் கணக்கு என்றால் எனக்குச் சிம்ம சொப்பனம். முப்பது வருஷம் கழித்து, அன்றுதான் புரிந்தது! "உனக்கே தெரியாதாம்மா?" என்றவன் முகத்தில் எத்தனை பெருமை! "தெரியாதுடா, நீதான் சொல்லிக் குடு" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அதே அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி, விரலால் 'ண', 'ன' எழுதினான். விரல் தடவி எழுதும்போது எழுத்து அவனுக்கு நன்றாகவே மனதில் நிற்கிறது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதும் இப்படித்தானே!

என்னைப் போன்ற தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். முதல் வாரம் பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்ததைப் பட்டியல் போட்டு அவனுக்கே படித்துக் காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதீர்கள். சாயந்திரம் தெருப் பிள்ளைகளோடு விளையாட அனுப்புங்கள். மத்தியானம் ஒரு மணி நேரமாவது நீங்கள் காலை நீட்டிப் படுங்கள். அலுத்துப்போன அம்மாவால் சிரித்த முகத்தோடு சொல்லித்தர முடியாது.

பரீட்சை என்னாகும் என்று கேட்பவர்களுக்கு: 1989-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம், பதினான்கு வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. ஐந்து வருஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிக்கலாம்.

பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ராத்திரியில் இன்னும் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஆனால் காலையில், "அம்மா, இன்னிக்கு என்ன அளக்கலாம்?" என்று அவனே தாம்பாளத்தோடு வந்து நிற்கிறான். வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை. ஒரு வருஷத்தைத் தொடங்க எனக்கு இது போதும்.