தராசு ஒன்றாக இருக்கட்டும்

பால் நிறுக்கும் தராசு ஸ்டோருக்கு ஸ்டோர் மாறினால் தொழிலாளியின் கதி என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணிடமிருந்து சாட்சியம் எடுக்கும் முறை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறினால்?

1970களில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அதுவே நடந்தது. எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்று தாதிக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டுகளில் பெயர் இராது. கோர்ட்டில் வழக்கு விழும். குற்றவாளி வீட்டுக்குப் போவான்.

மார்ட்டி காடர்ட் என்ற பெண்மணி போலீசார், டாக்டர், வக்கீல் என்று ஒவ்வொருவரிடமும் நடந்தார். விளைந்தது ஓர் அட்டைப் பெட்டி. பஞ்சுக் குச்சி, கண்ணாடித் துண்டு, சீப்பு, பை, பெயர்ச் சீட்டு, செய்முறைத் தாள் எல்லாம் அதனுள். 1978-இல் 26 ஆஸ்பத்திரிகளில் அது புழக்கத்துக்கு வந்தது. பெட்டிக்கு வைத்த பெயரோ விட்டுல்லோ என்ற போலீஸ் அதிகாரியுடையது! உழைத்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் ஒருவர். இது நமக்குப் புதிதல்ல.

பெட்டியைவிடப் பெரியது முத்திரை. டாக்டர் கையெழுத்திட்டுப் போலீசிடம் கொடுக்க, போலீஸ் கையெழுத்திட்டு இரசாயன இலாகாவில் ஒப்படைக்க வேண்டும். இடையில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில் புகுந்துவிடுவார். செக்ரோல் எழுதும் கிராணிமார்களுக்கு இது நன்கு விளங்கும்.

பெட்டி இருந்தால் மட்டும் போதுமா? 2009-இல் டிட்ராய்ட் நகரப் போலீஸ் கிடங்கொன்றில் 11,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் சோதிக்கப்படாமல் கிடந்தன. பெட்டிக்கு ஒரு பெண் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மலேசியாவில் 1990களில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், போலீஸ், ஆறுதல் சொல்வோர் யாவரும் ஒரே இடத்துக்கு வந்து பெண்ணைக் கவனிக்கும் ஏற்பாடு தொடங்கி, பிற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறோம். ஆயினும் பட்டணத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் தனியறையும் பயிற்சி பெற்ற தாதியும், மண்சாலை கடந்து இரவில் வரும் தோட்டத்துப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

லயத்துப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அப்படியொரு கொடுமை நேர்ந்தால் குளிக்காதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஈரம் தங்கினால் தடயம் கெடும். மூன்று நாட்களுக்குள் போவது நல்லது. குளித்துவிட்டாலும், நாள் கடந்தாலும் போகத்தான் வேண்டும். "மானம் போச்சு" என்று வாயை மூடும் பெரியவர்களே, மானம் போனது செய்தவனுக்கு.

கிளைச் செயலாளர்கள் தத்தம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நேரில் சென்று மூன்று கேள்வி கேட்கவேண்டும். பெட்டி கைவசம் உண்டா? இரவில் பெண் டாக்டரோ தாதியோ வருவாரா? எடுத்த பெட்டி சோதனைக்குப் போய்ச் சேர எத்தனை நாள்? கிடைத்த பதிலை அப்படியே எழுதி நமக்கு அனுப்புங்கள்.