சிவகாசிக் கணக்கும் தலையில்லாத பொட்டியும்

மக்களே, பரீட்சை முடிஞ்சாச்சு. ஆணி ஏதும் இல்லை. அதனால் கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் சித்தப்பாவுக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கடை. மொத்த வியாபாரம்தான் அதிகம். பில்லுக்கும் பாக்கிக் கணக்குக்கும் ஒரு விண்டோஸ் நிரல் வைத்திருக்கிறார். பல வருடம் முன்னால் ஒருத்தர் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்தது. அவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. மூலநிரலும் கையில் இல்லை. ஆனால் எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பது பூராவும் அதற்குள்தான். தீபாவளிக்கு முன்னால் சரக்கு போய், பின்னால் காசு வருகிற வியாபாரம். கணக்கு போனால் காசு போச்சு.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பில் போடும் மடிக்கணினி புதுசு, அது பிரச்சினை இல்லை. கணக்குக் கோப்புகள் இருந்த பின்னறைப் பொட்டிதான் பழசு. விண்டோஸ் 11ஐ ஏற்காது. ராத்திரி பத்து மணிக்கு அன்றைய பில்களைச் சேர்த்து ஆள்வாரியாகப் பாக்கி போடும் வேலையும் அதில்தான். "புதுசு வாங்கலாம் சித்தப்பா" என்றதும் அவர் முகம் நமத்துப்போன புஸ்வாணம் மாதிரி ஆனது. "நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, ஏதாச்சும் பண்ணுப்பா."

பண்ணினேன். டெபியன் லினக்ஸ் போட்டேன். திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் கழற்றினேன். இப்படிப்பட்ட பொட்டியை ஹெட்லெஸ் என்பார்கள். தலையில்லாத உடம்புக்குத் தமிழில் முண்டம் என்று பேர். சித்தப்பா அந்த வார்த்தையை எனக்குத்தான் வழக்கமாகப் பயன்படுத்துவார் :-)

விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்ட வைன் இருக்கிறது. 1993இல் தொடங்கிய திட்டம். 1.0 பதிப்பு வர 2008 ஜூன் ஆனது, அதாவது 15 வருடம்! 1994 முதல் இதை நடத்தி வருபவர் அலெக்சாண்டர் ஜூலியார். பலர் நினைக்கிற மாதிரி இது விண்டோஸை உள்ளே வைத்து ஓட்டுவதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்களே, கல்கத்தாவையா தூக்கிக்கொண்டு வந்தார்கள்? வேலையைக் கற்று வந்து இங்கே செய்தார்கள். வைனும் அப்படித்தான். நிரல் விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை லினக்ஸை வைத்தே செய்து கொடுக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நிரல் ஜன்னல் திறக்கப் பார்க்கும். திரையே இல்லாத பொட்டியில் எங்கே திறக்கும்? வைன் பிழை காட்டி நின்றுவிடும். இதற்கு எக்ஸ்விஎஃப்பி என்று ஒன்று இருக்கிறது. நினைவகத்திலேயே ஒரு பொய்த் திரையை உண்டாக்கும். நிரல் அதில் வரைந்துகொண்டு சந்தோஷமாக இருக்கும். ஒரு வாரம் அருமையாக ஓடியது. எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அப்புறம் சாத்தூர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். சித்தப்பா பட்டியலைப் பார்த்துப் பாக்கியைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. இரண்டு நாள் முன்னால் கட்டிய பணத்துக்கான ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பொய்த் திரையை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நடுவில் சின்னதாக ஒரு பெட்டி: 'பிரிண்டர் கிடைக்கவில்லை. ஓகே?' யாருமே பார்க்காத திரையில், யாரும் அழுத்தாத ஓகே பட்டனோடு இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கோப்பு பூட்டிக் கிடந்ததால் மறுநாள் வேலையும் நின்றுபோயிருக்கிறது.

தப்பு வைனுடையது இல்லை, என்னுடையது. மனுசன் எதிரே உட்கார்ந்திருப்பான் என்று நம்பி எழுதிய நிரலிடமிருந்து மனுசனை எடுத்துவிட்டு, அவன் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டேன். இப்போது பத்து நிமிடத்தில் முடியாவிட்டால் நிரல் நிறுத்தப்படும், திரை படம் பிடிக்கப்படும், எனக்குத் தகவல் வரும். பட்டியலின் தேதி பழசாக இருந்தால் முதல் வரியிலேயே பெரிதாகக் காட்டும்.

இன்னொன்று. பட்டாசு ஆலையில் அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுவது நம்ம ஊரில் குழந்தைக்கும் தெரியும். வைனிலும் ஒவ்வொரு நிரலுக்கும் தனி அடைவு வையுங்கள். அதற்காக இது பாதுகாப்புச் சுவர் என்று நம்பிவிடாதீர்கள். நிரலுக்கு இசட் டிரைவ் வழியாகப் பொட்டி முழுதும் தெரியும். தனிப் பயனராக ஓட்டுங்கள், ரூட்டில் வேண்டவே வேண்டாம்.

"பேசாம மெய்நிகர் கணினியில விண்டோஸே போடலாமேடா" என்றான் வகுப்புத் தோழன். டாங்கிள் செருகினால்தான் ஓடும் நிரல் என்றால் அதுதான் சரி. வைன் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஆனால் அதற்கும் விண்டோஸ் உரிமம் வேண்டும், நினைவகம் வேண்டும். தவிர, அங்கேயும் அந்த ஓகே பட்டன் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

என் கருத்து இதுதான்: வைன் சத்திரம், வீடு இல்லை. தங்கியிருக்கும்போதே மூட்டையைக் கட்டுங்கள். ஃபாக்ஸ்ப்ரோவின் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் நேராகத் திறக்கும். திறந்தேன். எண்கள் சுத்தமாக வந்தன. பெயர்கள் மட்டும் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்ததால் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயராகச் சித்தப்பாவோடு உட்கார்ந்து சரிபார்க்கிறேன். "இவரு அப்பாகூட நம்மகிட்டதான் சரக்கு எடுத்தாரு" என்று ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது.

முக்கால்வாசி முடிந்தது. முடிகிற வரைக்கும் வைன் ஓடட்டும்.

டிஸ்கி: சாத்தூர்க்காரர் இந்த வருடமும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். அது சித்தப்பாவின் நல்ல பெயரால், என் லினக்ஸால் இல்லை.