கிடங்குல தூங்குற பீருக்கு மரியாதை, மரத்துல வடியிற கள்ளுக்கு கேஸா?

சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்க்கிற தம்பிங்க சிலபேர் இப்பல்லாம் ஒரே கேள்வியோட வர்றாங்க. "அண்ணே, வீட்டுலயே லாகர் பீர் போடப் போறோம். உங்க ஊர் பாண்டிச்சேரிதானே, உங்க கொட்டகையில ஒரு பழைய ஃபிரிட்ஜ் வச்சிக்கலாமா?" முதல்ல அதுக்குப் பதில் சொல்லிடறேன். முடியாது. உரிமம் இல்லாம மது காய்ச்சினா தமிழ்நாட்டுலயும் குற்றம், பாண்டிச்சேரியிலயும் குற்றம்.

ஆனா அந்தத் தம்பிங்க லாகரைப் பத்திப் பேசுறதைக் கேட்டா ஆசையாத்தான் இருக்கு. 10 டிகிரி பக்கத்துல மெதுவா நுரைக்க விடணுமாம். முடியிற சமயத்துல கொஞ்சம் சூடு ஏத்தினா, வெண்ணெய் மிட்டாய் மாதிரி வர்ற வாசத்தை ஈஸ்ட்டே தின்னுடுமாம். அப்புறம் கிட்டத்தட்ட 0 டிகிரிக்கு இறக்கி வாரக்கணக்கா அசையாம வைக்கணும். ஈஸ்ட்டு அடியில படியும், கந்தக வாடை போகும், பீர் கண்ணாடி மாதிரி தெளியும். ஜெர்மன்ல 'லாகர்'னாலே கிடங்குன்னுதான் அர்த்தம். பவேரியாக்காரன் குளிர்காலத்துல ஏரியில ஐஸ் வெட்டி, நிலவறையில அடுக்கி, அது நடுவுல பீப்பாயை வச்சிருக்கான். வெயில் காலத்துல காய்ச்சுற பீர் கெட்டுப்போகுதுன்னு 1553-லயே அங்க கோடையில பீர் காய்ச்சத் தடை போட்டாங்க. 1870-கள்ல கார்ல் ஃபோன் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செஞ்சதுக்கும் மியூனிக் நகரத்து பீர் ஆலைங்கதான் பின்னால நின்னுச்சு.

நல்ல விஷயம்தான். ஒரு ஊர்க்காரன் தன் பானத்தைக் காப்பாத்த ஐஸ் வெட்டினான், நிலவறை தோண்டினான், மெஷினே கண்டுபிடிச்சான். என் கோபம் லாகர் மேல இல்ல. அவன் பானத்துக்குச் செஞ்சதுல நூத்துல ஒரு பங்கு நம்ம பானத்துக்குச் செய்யாம, அதுமேல கேஸ் போட்டோம் பாருங்க, அதுமேலதான்.

எங்க ஊர் மதகடிப்பட்டு. விழுப்புரம் ரோட்டுல எங்க ஊரைத் தாண்டினா தமிழ்நாடு. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கத்திலிருந்து நிறைய பேர் வருவாங்க. இந்தப் பக்கம் கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விடுது. அந்தப் பக்கம் 1987 ஜனவரி 1-லேருந்து கள்ளு இறக்குறதே குற்றம். மண்ணு ஒண்ணு, மரம் ஒண்ணு, பாளை சீவுற கத்தியும் ஒண்ணு. நடுவுல இருக்கிற கோடு, பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஊர் ஊரா பங்கு போட்டுக்கிட்ட கோடு. இந்தப் பக்கம் உரிமத்தோட ஏறுறவன் தொழிலாளி, அந்தப் பக்கம் ஏறினா குற்றவாளி.

தமிழ்நாட்டுல டாஸ்மாக் 1983-ல வந்துச்சு. 2003-ல சில்லறைக் கடையும் அதன் கைக்கே போயிடுச்சு. அங்க லாகர் பீர் தாராளமா கிடைக்கும். ஆக, போதை கூடாதுங்கிறது காரணம் இல்ல. பீருல இருக்கிற அளவு ஆல்கஹால்தான் கள்ளுலயும் இருக்கும். அப்ப என்னதான் காரணம்?

என் கணக்கு இது: கள்ளு கிடங்குல நிக்காது. பீருக்கு மால்ட்டுத் தண்ணியைக் கொதிக்க வைக்கிறாங்க, கிருமி சாகுது. ஹாப்ஸ் கசப்பு புளிக்க வைக்கிற பாக்டீரியாவைத் தடுக்குது. அதனாலதான் அது குளிர்ல மாசக்கணக்கா தூங்குது. கள்ளு அப்படி இல்ல. கலயத்துல சொட்டுற நிமிஷத்துலேருந்தே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வேலையை ஆரம்பிச்சிடும். காலையில இனிப்பு, சாயந்திரம் காட்டம், மறுநாள் புளிப்பு, அப்புறம் காடி. ஃபிரிட்ஜுல வச்சா இந்த ஓட்டம் மெதுவாகும், நிக்காது. இறுக்கி மூடின பாட்டில் உப்பி வெடிக்கவும் செய்யும். லாகரைப் பதப்படுத்துற மாதிரி கள்ளைப் பதப்படுத்த முடியாது.

கிடங்குல நிக்காத சரக்கை அரசாங்கத்தால எண்ண முடியாது. பெட்டி கிடையாது, லேபிள் கிடையாது, லாரி கிடையாது. அன்னன்னைக்கு இறக்கி, அஞ்சாறு மைல் சுத்துவட்டாரத்துல வித்து முடிஞ்சிடும். காசு மரமேறி கையிலயும் மரத்துக்காரன் கையிலயும் நின்னுடும். எண்ண முடிஞ்சதுக்குக் கடை திறந்தாங்க, எண்ண முடியாததுக்குத் தடை போட்டாங்க.

"கள்ளுல மருந்து கலக்குறான் சார்"னு சொல்வீங்க. கலக்குறவன் இருக்கான், இல்லேன்னு நான் சொல்லல. கிடைக்கிற பாளைக்கு மேல விக்க நினைக்கிறவன் கலப்பான். பால்லயும்தான் கலக்குறான். அதுக்காகப் பாலைத் தடை பண்ணினோமா? சொசைட்டியில டெஸ்ட் வச்சோம். கள்ளுக்கடை வாசல்ல அந்த டெஸ்ட்டை வைக்க யாருக்கும் மனசு வரல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அவங்களைக் கொன்னது மெத்தனால். கள்ளு கிடையாது. கள்ளைத் தடை பண்ணி 37 வருஷம் ஆன ஊர்ல நடந்த சாவு அது.

பாலைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அங்கதான் விஷயமே இருக்கு. பாலும் கள்ளு மாதிரிதான், சில மணி நேரத்துல கெட்டுடும். ஆனா 1970-ல ஆரம்பிச்ச வெண்மைப் புரட்சியில பாலைத் தேடி நாடு ஓடுச்சு. கிராமத்துக்குக் கூட்டுறவுச் சங்கம், கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்குற டேங்க், டேங்கர் லாரி. எங்க ஊர்ப் பால் பாண்லேக்கு போறதும் அந்த ஏற்பாட்டுலதான். குளிர் கிடைச்சதால மாடு வச்சிருக்கிறவன் பொழைச்சான்.

பனைக்கும் தென்னைக்கும் இதைச் செய்ய முடியாதா? முடியும். காசர்கோட்டுல இருக்கிற மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளையில மாட்டுற ஒரு ஐஸ் பெட்டி செஞ்சிருக்கு. சொட்டுற சாறு ஐஸ் நடுவுலயே விழுறதால புளிக்காது, சுண்ணாம்பு தடவ வேணாம். அதுக்கு 'கல்பரசா'ன்னு பேரு. யாழ்ப்பாணத்துல பனங்கள்ளையே பதப்படுத்தி போத்தல்ல அடைச்சு விக்கிறாங்க. பவேரியாக்காரன் ஐஸ் நடுவுல பீப்பாயை வச்ச அதே புத்திதான். நம்ம மரத்து உச்சிக்கு மட்டும் இன்னும் அந்த ஐஸ் ஏறல.

இதுக்கு நடுவுல மரம் போயிக்கிட்டிருக்கு. பனை தமிழ்நாட்டோட மாநில மரம். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல சொல்லிட்டாங்க. சந்தோஷம். ஆனா வருமானம் தராத மரத்தை எந்த விவசாயி எத்தனை நாள் வரப்புல வச்சிருப்பான்? செங்கல் சூளைக்காரன் காசோட நிக்கிறான். தளை மாட்டி ஏறத் தெரிஞ்ச ஆள் எங்க பக்கத்துல எல்லாரும் தலை நரைச்சவங்க. அவங்க பசங்க கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிரைப் பணயம் வச்சு ஏறுற தொழிலுக்கு மரியாதையும் இல்ல, அந்தக் கோட்டைத் தாண்டினா கேஸ் வேற.

கள்ளு மருந்து, எல்லாரும் குடிங்கன்னு நான் எழுத வரல. அதுவும் போதைதான், அதிகமானா அதுவும் குடும்பத்தைக் கெடுக்கும். நான் கேட்கிறது ரெண்டே விஷயம். பீருக்கு என்ன சட்டமோ அதே சட்டம் கள்ளுக்கும்: உரிமம், வரி, பரிசோதனை, தப்பு பண்ணினா தண்டனை. பாலுக்கு என்ன ஏற்பாடோ அதே ஏற்பாடு பதநீருக்கும்: சங்கம், ஐஸ் பெட்டி, குளிரூட்டும் டேங்க்.

நகரத்து நண்பர்களே, லாகருக்கு ஆறு வாரம் காத்திருக்கிற பொறுமை உங்ககிட்ட இருக்கு. அதுல ஒரு நாளை இதுக்குச் செலவு பண்ணி, உங்க தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடுதாசி போடுங்க. 1987-ல போட்ட தடைக்கு இன்னைக்கு என்ன காரணம்னு கேளுங்க. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, இங்கயே போடுறேன்.