ரிட்டயர் ஆனதும் ஆபீஸ் இன்சூரன்ஸ் முடிஞ்சிடுமா? சூப்பர் டாப்-அப் எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும்வரை மெடிக்கல் இன்சூரன்ஸ் பற்றி பலரும் பெரிதாக யோசிப்பதில்லை. குடும்பத்துக்கே சேர்த்து கம்பெனி ஒரு குரூப் பாலிசி போட்டிருக்கும். ஆனால், பணி ஓய்வு பெறும் நாளோடு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். அரசு ஓய்வூதியர்களுக்கு தனித் திட்டம் உண்டு என்றாலும், அதற்கும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது.

பைபாஸ், கேன்சர், பக்கவாதம் என்று ஒரு பெரிய சிகிச்சை வந்தால், பி.எஃப் பணமும் கிராஜுவிட்டியும் ஆஸ்பத்திரி பில்லிலேயே கரைந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். இந்த இடைவெளியை அடைக்கத்தான் கூடுதல் பாலிசி, அதாவது ‘சூப்பர் டாப்-அப்’ என்று ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். அது யாருக்கு உதவும், எங்கே கைகொடுக்காது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, கையில என்ன இருக்கு?

கூடுதல் பாலிசி என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் மேல் வைப்பது. அதனால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

* தமிழக அரசு ஓய்வூதியர்கள்: புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1-ல் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்காக ஓய்வூதியத்தில் மாதம் ரூ.497 பிடித்தம் என்று 2022-ல் நிர்ணயிக்கப்பட்டது. அதில் பொதுவான வரம்பு ரூ.5 லட்சம். இது ஒரு வருடத்துக்கு அல்ல, 4 வருடத்துக்கும் சேர்த்து. சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும் வரம்பு அதிகம்.
* மத்திய அரசு ஓய்வூதியர்கள், முன்னாள் ராணுவத்தினர்: இவர்களுக்கு முறையே சி.ஜி.ஹெச்.எஸ், இ.சி.ஹெச்.எஸ் திட்டங்கள் இருக்கின்றன.
* 70 வயதைக் கடந்தவர்கள்: மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம் 2024 அக்டோபர் 29-ல் தொடங்கப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. கணவன், மனைவி இருவருமே 70-ஐத் தாண்டியிருந்தால், இந்த ரூ.5 லட்சம் இருவருக்கும் சேர்த்துத்தான்.
* தனியாரில் ஓய்வு பெற்று, 70 வயது ஆகாதவர்கள்: சொந்தமாக பாலிசி எடுத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் கையில் எதுவும் இல்லை. அதிக கவனம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

வய வந்தனா கார்டில் ஒரு பெரிய வசதி, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். சி.ஜி.ஹெச்.எஸ், இ.சி.ஹெச்.எஸ் போன்ற அரசுத் திட்டங்களின் பயனாளிகள் ஏதாவது ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். ஆனால், பட்டியலில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும். நீங்க வழக்கமா போகும் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கா, 70+ பிரிவுக்கு சிகிச்சை தர்றாங்களா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

டாப்-அப், சூப்பர் டாப்-அப்: என்ன வித்தியாசம்?

இரண்டிலும் ‘டிடக்டிபிள்’ என்று ஒரு தொகை இருக்கும. அந்தத் தொகை வரை இந்த பாலிசி ஒரு ரூபாய்கூட தராது. அதற்கு மேல் போனால்தான் தரும். சின்னச் சின்ன பில்கள் எல்லாம் அடியிலேயே நின்றுவிடுவதால், அதே அளவு கவரேஜ் உள்ள சாதாரண பாலிசியைவிட பிரீமியம் குறைவு.

வித்தியாசம், அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு உதாரணம் பார்க்கலாம். டிடக்டிபிள் ரூ.5 லட்சம். ஒரே வருடத்தில் முதல் முறை ரூ.3 லட்சம், இரண்டாவது முறை ரூ.4 லட்சம் பில் வருகிறது.

* டாப்-அப்: ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எந்த பில்லும் ரூ.5 லட்சத்தைத் தாண்டவில்லை. கிடைப்பது பூஜ்யம்.
* சூப்பர் டாப்-அப்: வருடத்தின் பில்களைக் கூட்டிப் பார்க்கும். மொத்தம் ரூ.7 லட்சம். அதில் ரூ.5 லட்சம் போக, ரூ.2 லட்சம் கிடைக்கும்.

வயதானவர்கள் ஒரே வருடத்தில் இரண்டு, மூன்று முறை அட்மிட் ஆவது சகஜம். அதனால் அவர்களுக்கு சூப்பர் டாப்-அப்தான் பொருந்தும். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால், பாலிசி பேப்பரில் எது என்று படித்துப் பார்த்துவிட்டு கையெழுத்து போடுங்க.

4 வருட வரம்பு... இங்கதான் சிக்கல்!

“உங்களுக்கு ரூ.5 லட்சத்துக்கு அரசு இன்சூரன்ஸ் இருக்கு, அதுக்கு மேல சூப்பர் டாப்-அப் போட்டுக்கலாம்” என்று சொல்வது கேட்க சரியாகத்தான் இருக்கும். ஆனால், இரண்டின் காலக்கணக்கும் வேறு வேறு.

ஒரு ஓய்வூதியர் ரூ.5 லட்சம் டிடக்டிபிளில் சூப்பர் டாப்-அப் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடத்தில் ரூ.4 லட்சம் பில் வருகிறது. அரசுத் திட்டமே கொடுத்துவிடுகிறது. அடுத்த வருடம் மீண்டும் ரூ.6 லட்சம் பில். அரசுத் திட்டத்தில் மிச்சம் இருப்பது ரூ.1 லட்சம் மட்டும். ஆனால் சூப்பர் டாப்-அப்பின் டிடக்டிபிள் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கும். அது ரூ.5 லட்சத்துக்கு மேல் உள்ள ரூ.1 லட்சத்தை மட்டுமே தரும். நடுவில் உள்ள ரூ.4 லட்சம்? சொந்தப் பணம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அரசுத் திட்டங்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கு, நிர்ணயித்த கட்டணத்தைத்தான் தரும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனால், டிடக்டிபிள் தொகை பெருமளவு கையில் இருந்தே போக வேண்டிவரலாம்.

அதனால், டிடக்டிபிளைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, “எனக்கு எவ்வளவுக்கு இன்சூரன்ஸ் இருக்கு” என்பது மட்டும் அல்ல. “அந்த இன்சூரன்ஸ் கை கொடுக்காத வருடத்தில், என்னால் எவ்வளவு புரட்ட முடியும்” என்பதும்தான். ரூ.2 லட்சம் வரைதான் முடியும் என்றால், டிடக்டிபிளும் அந்த அளவில் இருப்பது பாதுகாப்பு. பிரீமியம் கொஞ்சம் கூடும். முடிந்தால், டிடக்டிபிள் அளவுக்கு ஒரு தொகையை எளிதில் எடுக்கக்கூடிய டெபாசிட்டாக தனியே வைக்கலாம்.

அரசுத் திட்டம் கட்டிய தொகை, டிடக்டிபிள் கணக்கில் சேருமா என்பதையும் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் இ-மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது கிளைம் நேரத்தில் உதவாது.

சுகர், பி.பி இருந்தா பாலிசி கிடைக்குமா?

கிடைக்கலாம். முன்பு 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிகளை மாற்றி, எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏற்றே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. உடல் பரிசோதனைக்குப் பிறகு கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் தனி காத்திருப்பு உண்டு. 62 வயதில் எடுத்தால், சுகர் தொடர்பான சிகிச்சைக்கு 65 வயது வரை காத்திருக்க வேண்டி வரலாம். தள்ளிப்போடுவதில் உள்ள நஷ்டம் இதுதான்.

பிரீமியம் கூடிவிடும் என்று நோயை மறைப்பது பெரிய ஆபத்து. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. ஆனால், அதற்குள் மாட்டிக்கொண்டால் கிளைமும் போகும், பாலிசியும் போகும். பத்து வருஷமா சாப்பிடும் மாத்திரையைக்கூட விண்ணப்பத்தில் எழுதிவிடுங்க.

பிரீமியம் எவ்வளவு ஏறும்?

நல்ல செய்தி ஒன்று. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18% ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ரூ.40,000 பிரீமியத்துக்கு ரூ.7,200 வரி கட்டியவர்களுக்கு அந்தச் சுமை இல்லை. குரூப் பாலிசிகளுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

அடுத்து, 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும் என்றால், ஆணையத்திடம் முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது.

ஆனால், 10% என்பதும் சும்மா இல்லை. வருடா வருடம் 10% ஏறினால், இன்று ரூ.30,000 கட்டுபவர் 7 வருடத்தில் சுமார் ரூ.58,500 கட்ட வேண்டியிருக்கும். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது. 75 வயதில் கட்ட முடியாமல் பாலிசியை விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. அதுவரை கட்டிய பணமும், முடித்த காத்திருப்புக் காலமும் வீண். எனவே இன்றைய பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், அதன் இரண்டு மடங்கையும் கட்ட முடியுமா என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், மூத்த குடிமக்கள் பிரீமியத்துக்கு ரூ.50,000 வரை கழிவு பெறலாம். புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை.

பாலிசி பேப்பரில் இதையெல்லாம் பாருங்க!

1. கோ-பே: மூத்த குடிமக்கள் பாலிசிகளில் 10% முதல் 30% வரை நோயாளியே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். 20% கோ-பே என்றால், ரூ.5 லட்சம் கிளைமில் ரூ.1 லட்சம் உங்களுடையது.

2. ரூம் வாடகை வரம்பு: பாலிசியில் ஒரு நாளுக்கு ரூ.5,000 என்று இருக்க, ரூ.10,000 ரூமில் தங்கினால், வாடகை மட்டும் பாதியாகக் குறையாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களுக்கு இந்த வெட்டு பொருந்தாது.

3. நோய்வாரியான உச்சவரம்பு: கண்புரைக்கு இவ்வளவு, மூட்டு மாற்றுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மாதாந்திர மருந்துச் செலவு: சூப்பர் டாப்-அப் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவதற்கான பாலிசி. மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கு இதை நம்ப முடியாது.

பாலிசி கைக்கு வந்த பிறகு, படித்துப் பார்த்து பிடிக்கவில்லை என்றால், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

ரிட்டயர் ஆகும் முன்பே செய்ய வேண்டியது என்ன?

குரூப் பாலிசியில் இருப்பவர்கள், அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். நிறுவனம் ஏற்றுக்கொண்டால், குரூப் பாலிசியில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். சுகர், பி.பி இருப்பவர்களுக்கு இது பெரிய லாபம். வேலையை விட்டு வந்த பிறகு ஓடுவதைவிட, சில மாதங்களுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே சொந்த பாலிசி இருந்து, வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் ரினியூவல் தேதிக்கு குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கிளைம்: இரண்டு பாலிசி இருந்தா எப்படி?

அட்மிட் ஆனதுமே இரண்டு நிறுவனங்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பில் டிடக்டிபிளைத் தாண்டுமா என்று காத்திருக்க வேண்டாம். முதல் பாலிசி பணம் கொடுத்ததும், அதன் செட்டில்மென்ட் லெட்டரையும், சான்றளிக்கப்பட்ட பில் நகல்களையும் வாங்கி, மிச்சத்துக்கு சூப்பர் டாப்-அப்பில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது கிளைம் பெரும்பாலும் நாமே பணம் கட்டிவிட்டு, பிறகு திரும்பப் பெறுவதாகத்தான் இருக்கும்.

கேஷ்லெஸ் அனுமதியை 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதியை 3 மணி நேரத்திலும் நிறுவனம் தர வேண்டும் என்பது விதி.

கிளைம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ரூ.50 லட்சம் வரையிலான புகார்களை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ உதவி எண் 155255-லும் புகார் சொல்லலாம்.

அப்போ, யாருக்கு எது?

* தனியாரில் ஓய்வு பெற்றவர், 70-க்குள்: முதலில் ஒரு அடிப்படை பாலிசி. பிறகு அதே அளவு டிடக்டிபிளில் சூப்பர் டாப்-அப்.
* மாநில அரசு ஓய்வூதியர்: 4 வருட வரம்பை மனதில் வைத்து, குறைந்த டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப். அல்லது டிடக்டிபிள் அளவுக்குத் தனி சேமிப்பு.
* 70-ஐக் கடந்தவர்: முதலில் வய வந்தனா கார்டு. பழைய தனியார் பாலிசி இருந்தால், கார்டு கிடைத்துவிட்டது என்று அதை விட்டுவிட வேண்டாம். புதிதாக எடுப்பது என்றால், பிரீமியத்தையும் காத்திருப்புக் காலத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.
* பிரீமியம் கட்டவே முடியாது என்பவர்: குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியும்.

எந்த பாலிசி எடுத்தாலும், அதன் நகலும் கார்டும் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கப்போவது பெரும்பாலும் பாலிசிதாரர் அல்ல, அவருடைய மனைவியோ பிள்ளைகளோதான்.