ஆடியிலும் அறை நிரம்பட்டும்

ஆவணி மூலத் திருவிழாவின்போது மதுரை புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் ஒரு கதையை நடத்திக்காட்டுகிறார்கள். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்திக்கிழவி, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி ஒருவனை அமர்த்துகிறாள். மண் சுமக்க வந்தவன் சொக்கநாதன். வயதான ஒருத்தி வேலை கொடுத்த கதை இது. மதுரைக்கு இன்று தேவைப்படுவதும் அதுதான்.

சித்திரைத் திருவிழாவும் கோடை விடுமுறையும் சேர்ந்து ஒரு கூட்டம், கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்கள் இன்னொரு கூட்டம். அந்த நாட்களில் டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் அறைக்கு அலைய வேண்டும். பள்ளி திறந்து ஆனி, ஆடி பிறந்துவிட்டால் நிலைமை வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. லாட்ஜ் முதலாளி எப்படியோ சமாளித்துவிடுவார். ரூம் பாய்க்கும், துணி வெளுப்பவருக்கும், வேன் ஓட்டுபவருக்கும், வழிகாட்டிக்கும் சீசனோடு பிழைப்பும் போகிறது.

பள்ளி லீவுக்கும் ஆபீஸ் லீவுக்கும் கட்டுப்படாமல் அந்த மாதங்களில் பயணம் போகக்கூடியவர்கள் முதியவர்கள் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். ஸ்பெயின் இதை 1985-லேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே ஓய்வூதியர்களின் பயணச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, மீதியை அவர்கள் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் கடற்கரை விடுதிகள் மூடப்பட்டு ஊழியர்கள் வேலையிழப்பதைத் தடுப்பது அந்தத் திட்டத்தின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

நம்மிடமும் தொடக்கம் இருக்கிறது. 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களை அறநிலையத் துறை ஆடியில் அம்மன் கோயில்களுக்கும் புரட்டாசியில் வைணவத் தலங்களுக்கும் இலவசமாக அழைத்துப் போகிறது. அறுபடை வீடுகளுக்கும் பயணம் உண்டு. ஆறில் இரண்டு, திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும், மதுரையின் வாசலிலேயே இருக்கின்றன. ஆனால் இது வசதியில்லாதவர்களுக்கான திட்டம், இடங்களும் குறைவு. பாதிச் செலவைத் தாமே கட்டக்கூடிய ஓய்வூதியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒன்றுமில்லை. ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. அதை மீட்பது முதல் வேலை.

என் அத்தை வெளியூர் கிளம்புவதென்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம்தான். எத்தனை விளம்பரப் பலகை வைத்தாலும் இந்தப் பயம் போகாது. சுத்தமான கழிப்பறை, படியோரம் பிடித்து ஏறக் கைப்பிடி, தரைத்தளத்தில் அறை, உப்பும் காரமும் குறைத்த சாப்பாடு, கூடவே நடந்து வர ஓர் ஆள் என்று முதியவருக்கு வேண்டியவை எல்லாமே யாரோ ஒருவருக்கு வேலைதான். வயதானவர்களைக் கைபிடித்து நடத்தும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பணி ஓய்வுக்குப் பிறகு டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு எத்தனை ஊர்ப் பெரியவர்கள் வந்து போகிறார்கள்!

ஒரே நாளில் ஐந்து கோயில் என்று ஓட்டுவதுதான் இப்போதைய வழக்கம். முதியவருக்கு அது தண்டனை. வெயிலுக்கு முன் மீனாட்சி, மதியம் தூக்கம், மாலையில் நாயக்கர் மகால். மறுநாள் அழகர்கோயில், அதற்கடுத்த நாள் காலை 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம் என்று வைத்தால் இரண்டு இரவு தங்க வேண்டியிருக்கும். லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் காசு சேர்வது அந்த இரண்டு இரவுகளில்தான். அழகர்கோயில் தேர் ஆடியில்தான் ஓடுகிறது. வரும் ஆடியில் மூத்தோர் பயணப் பேருந்துகளை மதுரையில் இரண்டு இரவு நிறுத்திப் பார்க்கட்டும். அதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் வேண்டாம், அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன.