பி படிவம் வருவதற்கு முன்னால்

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, கடம்பூர் வட்டாரத்து அண்ணாச்சிமார், அக்காமார், மதினிமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் உங்களோடு போனில் பேசினால் ஒரே பேச்சுதான் அடிபடுகிறது. "இந்தத் தடவை சீட்டு யாருக்காம்?" யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. யாருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று விசாரிப்பதோடு சரி. ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்ப்பதுபோல சீட்டுக்குச் சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் இந்த மடல்.

நான் குடியிருப்பது அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டி மோயின் நகரத்தில். இதுவும் கரிசல் பூமிதான். கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும். ஒரு வித்தியாசம், இங்கே மழை அதிகம். தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடுமென்று நிலத்துக்கு அடியில் குழாய் பதித்து வடித்து விடுகிறார்கள். மானாவாரிக் காட்டில் பிறந்த எனக்கு இதை முதலில் கேட்டபோது வயிறு எரிந்தது.

இந்த மாநிலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் முதல் குரல் எழுப்பும் இடமாக 1972-லிருந்து ரொம்ப காலம் இருந்தது அயோவா. முதல் குரல் என்றால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்வதில். அதற்கென்றே தனியாக ஒரு தேர்தல் மாநிலம் மாநிலமாக நடக்கிறது. பிரைமரி என்பார்கள். அயோவாவில் அது ஓட்டுப் பெட்டிக்குப் பதில் கூட்டம் கூடி நடப்பதால் காக்கஸ். கட்சியில் பெயரைப் பதிந்துகொண்ட எந்தச் சாதாரண ஆளும் போய்த் தன் வேட்பாளரைச் சொல்லலாம். அன்று மாலை வாசலிலேயே கூடப் பதிந்துகொள்ளலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிறையும் என்றால் 17 வயதுப் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

2015-ல் பெர்னி சாண்டர்ஸ் என்ற பெரியவர் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் குதித்தார். வெர்மான்ட் என்ற சின்ன மாநிலத்தின் செனட்டர். எதிரே நின்றவர் ஹிலாரி கிளிண்டன். முன்னாள் ஜனாதிபதியின் மனைவி, வெளியுறவு அமைச்சராக இருந்தவர், கட்சியின் பெருந்தலைகள் எல்லாம் அவர் பக்கம். சாண்டர்ஸ் அந்தக் கட்சியின் உறுப்பினராகக்கூட இல்லை. சுயேச்சையாகவே ஜெயித்துக்கொண்டிருந்தவர். 1981-ல் பர்லிங்டன் ஊர் மேயர் தேர்தலில் வெறும் 10 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததுதான் அவருடைய முதல் வெற்றி. எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, அரசுக் கல்லூரியில் இலவசப் படிப்பு, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி, இவைதான் அவர் பேச்சு. கம்பெனிப் பணம் வேண்டாமென்று சொல்லிச் சில்லறை நன்கொடையில் கட்சியை எதிர்த்தே கட்சிக்குள் நின்றார். சராசரி நன்கொடை 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொல்வார். அப்படிச் சேர்ந்த பணம் மொத்தம் 20 கோடி டாலருக்கு மேல்.

அப்போது என்னிடம் இருந்தது கிரீன் கார்டு. ஓட்டுப் போட முடியாது, நன்கொடை கொடுக்கலாம், தொண்டு வேலை செய்யலாம். இரண்டையும் செய்தேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பனியில் கையுறையோடு வீடு வீடாகப் போவார். கையில் ஒரு தாள். அதில் அந்தத் தெரு வாக்காளர்களின் பெயர்கள். கதவைத் தட்டிப் பேசிவிட்டு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 1 முதல் 5 வரை ஒரு எண் குறிப்பார். 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் ஆள் அந்தப் பக்கம். 1-ஐயும் 5-ஐயும் விட்டுவிட்டு 3 போட்ட வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போவார். "இவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது" என்பார். நம்மூரில் வேட்பாளர் வேனில் கும்பிட்டுக்கொண்டே போவதைப் பார்த்தே பழகிய எனக்கு, ஒரு வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்று மருத்துவமனைச் செலவைப் பற்றி வாதாடுகிற பிரச்சாரம் புதிது.

2016 பிப்ரவரி 1, காக்கஸ் நாள். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 1,700 வட்டங்களில் ஒரே நேரத்தில், மாலை 7 மணிக்கு. எங்கள் வட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். பார்வையாளனாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளிண்டன் ஆட்கள் ஒரு மூலை, சாண்டர்ஸ் ஆட்கள் எதிர் மூலை, மூன்றாவதாக மார்ட்டின் ஓமாலி என்பவருக்கு ஒரு கை அளவு ஆட்கள், நடுவில் இன்னும் முடிவு செய்யாதவர்கள். தலை எண்ணினார்கள். 15 சதவீதம் தேறாத வேட்பாளரின் ஆட்கள் வேறு பக்கம் சேரலாம் என்பது விதி. ஓமாலி கூட்டம் தேறவில்லை. உடனே இரண்டு மூலையிலிருந்தும் ஆள் கிளம்பி வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன், தன் தாத்தா வயதுக்காரரிடம் கல்விக் கடனைப் பற்றிப் பேசினான். தாத்தா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கிளிண்டன் பக்கம் போனார்! பையனும் கைகொடுத்து அனுப்பி வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எந்த மூலையில் நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். இது நல்லதா என்று கேட்டால், இல்லை என்பேன். ரகசிய ஓட்டுதான் சரி. ஆனால் அந்தப் பேச்சு இருக்கிறதே, அதை நான் நம்மூரில் பார்த்ததில்லை.

மாநில முடிவு கிளிண்டன் 49.8, சாண்டர்ஸ் 49.6. மயிரிழையில் போனது. அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷரில் சாண்டர்ஸ் பெருவாரியாக ஜெயித்தார். கடைசியில் கணக்கு முடிந்தபோது வேட்பாளர் கிளிண்டன்தான். ஆனால் தோற்ற அந்தக் கூட்டம் சும்மா கலையவில்லை. கட்சி அலுவலகம் ஒருதலையாக நடந்துகொண்டதைக் காட்டும் மின்னஞ்சல்கள் வெளியே வந்து, கட்சித் தலைவரே 2016 ஜூலையில் பதவி விலக வேண்டி வந்தது. ஓட்டு வாங்காமலேயே வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமை வைத்திருந்த சுமார் 700 கட்சிப் பெரியவர்களின் வாக்கை முதல் சுற்றில் செல்லாது என்று 2018-ல் கட்சி விதியை மாற்றியது.

இதெல்லாம் சொன்னதும் இந்த ஏற்பாடு ஏதோ தங்கத் தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதே 2016-ல் எதிர்க்கட்சியில் அதே வாசல் வழியாக நுழைந்த இன்னொரு வெளியாள்தான் டொனால்ட் டிரம்ப். வாசல் திறந்திருந்தால் யாரும் வரலாம். 2020-ல் நானும் குடிமகனாகிப் போய் நின்ற காக்கஸில் முடிவு சொல்லும் செயலி பழுதாகி, நாள் கணக்கில் முடிவு வராமல் நாடே சிரித்தது. அந்தக் கூத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி 2024-ல் அயோவாவுக்கு முதலிடம் தரவில்லை. பணமும் டிவி விளம்பரமும் இங்கேயும் ஆடத்தான் செய்கின்றன.

இனி நம்மூருக்கு வருகிறேன். வெளியாள் ஒருவருக்குச் சாதாரண ஜனங்கள் திரண்டு நின்ற கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை. உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவை மறந்திருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் வையம்பாளையத்துக்காரர். பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் தொடங்கிய போராட்டம். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து கோவை நகரத்தையே நிறுத்திய போராட்டம். கிணறு குறைந்த நம் கரிசலுக்கு மின்கட்டணம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. கூட்டுறவுக் கடனும் ஜப்தியும்தான் நம்மவர்களை அவர் பக்கம் கொண்டு சேர்த்தன. 1980 கடைசியில் குறிஞ்சாக்குளத்தில் போலீஸ் சுட்டதில் விவசாயிகள் செத்தார்கள். எங்கள் வீட்டிலும் அவர் இயக்கத்தின் பச்சைத் துண்டு ஒன்று பல வருஷம் கொடியில் கிடந்தது.

பெரிய கட்சிகள் எதிலும் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே 1982-ல் உழவர் உழைப்பாளர் கட்சி என்று தனியாகத் தொடங்கினார் நாயுடு. 1984 டிசம்பர் 24-ல் தேர்தல். இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்ஜிஆர் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். அந்த அனுதாப அலைக்கு நடுவில் பிரச்சாரத்துக்கு வந்த நாயுடு, டிசம்பர் 21-ல் நம் கோவில்பட்டியில்தான் உயிர் விட்டார். மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் பச்சைத் துண்டு எடுபடவில்லை.

சாண்டர்ஸையும் நாயுடுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சாண்டர்ஸ் பின்னால் நின்ற கூட்டத்துக்குப் பெரிய கட்சி ஒன்றின் உள்ளே போய் மோத ஒரு வாசல் இருந்தது. தோற்றும் அந்தக் கட்சியின் விதியை மாற்ற முடிந்தது. நாயுடு பின்னால் நின்றவர்களுக்கு வாசலே கிடையாது. வெளியே நின்று தோற்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட இலவச மின்சாரத்தைப் பிறகு மற்றக் கட்சிகள் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டன.

ஊர்க்காரர் ஒருவர் நம் தொகுதிக்காக நின்றால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணமாக சோ. அழகர்சாமி இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் ஐந்து முறை கோவில்பட்டியில் ஜெயித்தவர். கரிசல் விவசாயிகள் சங்கத்தில் வளர்ந்தவர், சென்னையிலிருந்து இறக்கப்பட்டவர் இல்லை. கட்சி பிடிக்காதவர்கள்கூட அவருக்குப் போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது நடைமுறை என்ன? கட்சி அலுவலகத்தில் பணம் கட்டி விருப்ப மனு. தலைமை முன்னால் சில நிமிஷ நேர்காணல். பிறகு கூட்டணிப் பேச்சு. தொகுதி யாருக்கு என்று அங்கே முடிவாகும். கடைசியில் தலைமை கையெழுத்திட்ட பி படிவம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சின்னம். ஊரில் கிளைச் செயலாளராக முப்பது வருஷம் கொடி கட்டியவருக்கும் செய்தி டிவியில்தான் தெரியும். 2021-ல் கோவில்பட்டியில் அதிமுகவின் கடம்பூர் ராஜு, அமமுகவின் டிடிவி தினகரன், திமுக கூட்டணியில் மார்க்சிஸ்ட் சீனிவாசன் என மும்முனைப் போட்டியைத் தமிழ்நாடே பார்த்தது. இவர்களில் எவரையும் வேட்பாளராக்கலாமா என்று எந்தக் கட்சியாவது தன் சொந்த உறுப்பினரிடம் சீட்டுப் போட்டுக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இந்தியாவில் யாரும் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் கட்சிக்காரர்களை வைத்தே வேட்பாளர் தேர்தல் நடத்தியது. வதோதராவில் நரேந்திர ராவத் என்பவர் அப்படி ஜெயித்தார். மோடி அங்கே நிற்கிறார் என்றதும் அவருக்குப் பதில் மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தினார்கள். அதோடு அந்த முயற்சி பிசுபிசுத்துப் போனது.

அமெரிக்கத் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸுக்காக, அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜையும் போஸ்டரும் நடந்ததைப் பெருமையாக எனக்கு அனுப்பியவர்களில் நீங்களும் உண்டு. அமெரிக்கா யாரை வேட்பாளராக்க வேண்டும் என்று நமக்கு அபிப்பிராயம் இருக்கிறது. வாரக் கணக்கில் குழாயைப் பார்த்துக் காத்திருக்கும் நம் தெருவுக்கு யார் வேட்பாளர் என்பதில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

ஊரே கூடி வேட்பாளரைச் சொல்லலாமே என்றதற்கு, "ஊரைக் கூட்டினால் சாதிக் கணக்குதான் பேசும்" என்று ஒரு மச்சான் சொன்னார். பேசும். ஆனால் சென்னையில் அறைக்குள் நடப்பது மட்டும் என்ன கணக்கு? அதே தலை எண்ணிக்கைதான். ஊரில் பத்து சாதிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், பதில் சொல்கிறவன் பத்துப் பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டணி வந்து தொகுதியையே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். மாற்றட்டும். வருகிற கட்சியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

என்னால் உங்களுக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. அமெரிக்கக் குடிமகனான நான் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் பணம் அனுப்பச் சட்டம் இடம் தராது, அனுப்பவும் மாட்டேன். யோசனை சொல்ல மட்டும் தடையில்லை.

அடுத்த தேர்தலுக்கு விருப்ப மனு வாங்கத் தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடியுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர்கள், கடலைமிட்டாய்க் கடைக்காரர்கள், மக்காச்சோளம் போட்டுப் படைப்புழுவுக்கும் காட்டுப்பன்றிக்கும் பறிகொடுத்தவர்கள், பயிர்க் காப்பீடு வராதவர்கள் எல்லாரும் வாருங்கள். சீட்டுக் கேட்கிற எல்லாரையும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அழையுங்கள். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மேடைகூட வேண்டாம். ஆளுக்கு அரை மணி, கேள்விக்குப் பதில். வராதவர் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கிராம சபையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டுப் பழகிய ஜனத்துக்கு இது பெரிய காரியமில்லை. கடைசியில் ரகசியச் சீட்டில் எழுதி வாங்கி எண்ணி, முடிவை எல்லாக் கட்சித் தலைமைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. முதல் தடவை கேட்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்சியில் கிளைச் செயலாளராகவும் ஒன்றியப் பொறுப்பிலும் இருக்கிற தம்பிமாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கொடி பிடிப்பதும் பூத்தில் உட்காருவதும் நீங்கள்தான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து, நம் தொகுதி வேட்பாளர் பெயரை நாமே ஓட்டுப் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
டி மோயின், அயோவா