இ20 பெட்ரோல்: ஆக்டேன் ஏறியும் ‘வண்டி இழுக்கல’ என்று புலம்புவது ஏன்?

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு ஜி.எஸ்.டி சாலையில் சுமார் 40 கி.மீ. வேலை, கல்லூரி, கோர்ட், ஆஸ்பத்திரி என்று தினமும் பைக்கிலும் காரிலும் போய் வருபவர்கள் நிறைய பேர். 20% எத்தனால் கலந்த ‘இ20’ பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமான பெட்ரோலாகவே மாறிவிட்ட பிறகு, இவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இரண்டு: “முன்ன மாதிரி மைலேஜ் தரல”, “பிக்-அப் இல்ல”.

மத்திய அரசின் பதில் வேறு. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108, பெட்ரோலின் ஆக்டேன் எண் சுமார் 84. எனவே எத்தனால் கலந்தால் பெட்ரோலின் தரம் கூடும், வண்டி நன்றாக ஓடும் என்கிறது பெட்ரோலியத் துறை அமைச்சகம். இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

ஆக்டேன் கூடினால் பவர் கூடுமா?

தானாகக் கூடாது. ஆக்டேன் என்பது எரிபொருளில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதன் அளவு அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தட்டிய பிறகு வரிசையாக எரியாமல் தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு அது. அப்படித் தானாக வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். ஏற்றத்தில் ‘டக் டக்’ என்று கேட்குமே, அதுதான்.

ஆக்டேன் அதிகம் இருந்தால் எஞ்சினை இன்னும் அதிக அழுத்தத்தில், இன்னும் முன்கூட்டிய பொறியில் இயக்கலாம். அப்போதுதான் குதிரைத்திறன் கூடும். சுவீடனின் கோனிக்செக் நிறுவனத்தின் சி.சி.எக்ஸ்.ஆர் காரை உதாரணமாகச் சொல்லலாம். அதே எஞ்சினின் பெட்ரோல் வடிவம் 806 குதிரைத்திறன். 85% எத்தனாலுக்காக மாற்றியமைத்தபோது 1,018. எரிபொருளுக்கு ஏற்ப எஞ்சினையே மாற்றியதால் வந்த பலன் அது.

91 ஆக்டேனுக்காக வடிவமைத்த எஞ்சினில் 95 ஆக்டேன் ஊற்றினால், அந்தக் கூடுதல் திறன் பயன்படாமலே போய்விடும். அழுத்த விகிதத்தைப் பெட்ரோல் போட்டு மாற்ற முடியாதே!

அப்படியானால் பவர் குறைகிறதா?

சீராக வேலை செய்யும் எஞ்சினில் பெரிதாகக் குறையாது. ஒரு எஞ்சினின் பவரைத் தீர்மானிப்பது அது எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதுதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கணக்குப் போட்டால், ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதே காற்றுக்கு எத்தனாலை அதிகமாகச் செலவழிக்க வேண்டும். அதனால் அடி விழுவது மைலேஜில்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. இ20-ஐ சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால், லிட்டருக்கு 6 முதல் 7% ஆற்றல் குறைவு.

‘பிக்-அப் போச்சு’ என்பது எங்கே உண்மையாகிறது என்றால், பழைய கார்புரேட்டர் பைக்குகளில். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் நிலைமையைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவையில் காற்று அதிகமாகி, வண்டி திணறும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வருவதற்கு முன் விற்ற சிறிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகளே.

பர்ஸில் எவ்வளவு?

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே மைலேஜ் இழப்பை ஒப்புக்கொண்டது. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 6-7%, பைக்குகளில் 3-4%, இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1-2%.

திண்டிவனம் - விழுப்புரம் தினமும் போய் வந்தால் 80 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ தரும் பழைய கார், மாதம் 26 நாள் ஓடினால் சுமார் 139 லிட்டர் குடிக்கும். மைலேஜ் 6% குறைந்தால் கூடுதலாக 9 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 900 ரூபாய். லிட்டருக்கு 50 கி.மீ தரும் பைக்குக்கு மைலேஜ் 4% குறைந்தால், மாதம் 170 ரூபாய் சொச்சம்.

மழையும் ஒரு விஷயம். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். டேங்கில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனம் அருகே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ கொட்டியதை இந்தப் பகுதி மறக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை டேங்கைச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கரும்புக்காரர்களுக்கு லாபமா?

இதே சாலையில்தான் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இருக்கிறது. பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. எத்தனால் விற்பனை ஆலைகளுக்கு இன்னொரு வருமானம். அது வந்தால் கரும்பு நிலுவைத் தொகை சீக்கிரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் நாட்டுக்கு நல்லதே. எனவே எத்தனாலே வேண்டாம் என்பது சரியான வாதம் அல்ல.

கேள்வி, செலவை யார் சுமப்பது என்பதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிச் சலுகை தர வேண்டும் என்று நிதி ஆயோக் அன்றே பரிந்துரைத்தது. ஆனால் பங்க்கில் விலை குறையவில்லை. 2025 ஜூலை நிலவரப்படி எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாய், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட இது அதிகம் என்று அமைச்சகமே சொல்லிவிட்டது.

பிரேசிலில் 2003 முதல் எந்த விகிதத்திலும் ஓடும் ‘ஃப்ளெக்ஸ்’ கார்கள் விற்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70%-க்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று ஓட்டுநரே முடிவெடுக்கிறார். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கு முடிந்தாலும் வாடிக்கையாளரின் கேள்வி முடியவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு பம்ப்பிலும் எத்தனால் சதவீதத்தைத் தமிழில், கண்ணில் படும்படி எழுத வேண்டும். எந்த மாடல், எந்த ஆண்டு முதல் இ20-க்கு ஏற்றது என்ற பட்டியலை நிறுவனங்கள் வெளிப்படையாகத் தர வேண்டும். லிட்டருக்குக் குறையும் ஆற்றலுக்கு ஏற்ப விலையும் குறைய வேண்டும். 900 மில்லி பாலை ஒரு லிட்டர் விலைக்குக் கொடுத்தால் நாம் வாங்குவோமா?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஓனர்ஸ் மேனுவலையும் பெட்ரோல் டேங்க் மூடியையும் ஒருமுறை பாருங்கள். பழைய வண்டியாக இருந்தால் அடுத்த சர்வீஸில் ரப்பர் டியூப், கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் டு டேங்க் கணக்கு எழுதி வையுங்கள். ‘மைலேஜ் குறையுது’ என்ற புலம்பலைவிட, கையில் இருக்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.